அடித்த கோடு காணாமல் போன நாள்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. எங்கள் கிளார்க் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்முன் வரும். பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரிப் படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு வருவார். நாங்கள் வேலை பார்த்த டயாலிசிஸ் மையத்தின் அலுவலகம் அவர் கையில்தான் இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் ஆண்டுக்கணக்கில் தமிழில் தட்டச்சு செய்த குறிப்புகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. எல்லாம் ஆர்டிஎஃப் என்ற பழைய வகைக் கணினிக் கோப்புகள்.

மையத்துக்கு இணையப் பக்கம் அமைக்க வந்தவர், குறிப்புகளைப் படம் பிடித்துப் போட்டுவிடலாம் என்றார். அக்கா ஒப்பவில்லை. கெலுகோரிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஓர் அங்கிளுக்கு நீரிழிவால் பார்வை போயிருந்தது. கைப்பேசி வாசிப்பதைக் கேட்டுத்தான் அவர் எதையும் அறிவார்.

"படத்த ஃபோன் எப்படிப் படிக்கும்? எழுத்தா இருக்கணும். நானே இணையப் பக்கத்துக்கு ஏத்த எச்டிஎம்எல்லா மாத்தித் தர்றேன்," என்றார்.

பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர் அவர். இலவச மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் நாள் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தது. ஆங்கில உதவிப் பக்கங்களை அகராதியோடு படித்து, மூன்றாம் நாள் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தார். தமிழ் வந்தது. பிறகு ஒரே வரிக் கட்டளை. ஒரு நிமிடத்தில் அத்தனை கோப்புகளும் மாறிவிட்டன.

இணையப் பக்கத்தின் திறப்பு விழாவுக்கு முதல் நாள், பழங்களைப் பற்றிய பக்கத்தை அங்கிளின் கைப்பேசியில் ஓட விட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு அங்கிள் சொன்னார்: "அப்போ பெலிம்பிங் சாப்பிடலாம் லா. நான் கூடாதுன்னுல்ல நெனச்சேன்."

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், சிறுநீரக நோயாளிகளுக்கு விஷம். கூடாதவற்றை அக்கா தம் குறிப்புகளில் குறுக்கே கோடு அடித்துக் காட்டியிருந்தார். மென்பொருள் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு, சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. கோடு இருந்திருந்தாலும் குரலில் அது கேட்டிருக்காது.

நேராக மையத்தின் தலைவரிடம் போய், விழாவைத் தள்ளிப்போடச் சொன்னார்.

"எல்லாரையும் கூப்பிட்டாச்சு. சின்ன விஷயம்தானே, அப்புறம் திருத்திக்கலாம்," என்றார் தலைவர்.

"அதுக்குள்ள ஒருத்தர் சாப்பிட்டுட்டா? நான் ஃபைல் கொடுக்க மாட்டேன் சார்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. தலைவர் தொலைபேசியை எடுத்து, விழா தள்ளிப்போனதை விருந்தினர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்.

ஆர்டிஎஃப் கோப்பின் உள்ளே, கோடு தொடங்கும் இடத்தில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறி வந்த இடத்திலெல்லாம் 'கூடாது' என்ற சொல்லைச் சேர்க்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டு, மறுபடி மாற்றினார். இம்முறை கணினியை நம்பவில்லை. நான் உரக்க வாசிக்க, அவர் முன்பு அச்சிட்டு வைத்திருந்த பழைய தாளோடு ஒப்பிட்டார். இரண்டு வாரம் ஆனது.

விழாவில் தலைவர் அவரைப் பேச அழைத்தார். "முதல்ல நான்தான் தப்பா மாத்துனேன். அங்கிள் கேட்டதாலதான் தெரிஞ்சது. இப்போ சரியா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இன்று நான் வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். பெரிய பட்டம் பெற்றவர்கள் பலரோடு வேலை செய்துவிட்டேன். ஒலிவாங்கி முன் நின்று தன் தவறை முதல் வாக்கியமாகச் சொன்ன இன்னொருவரை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவள் நான்.