டெல்லித் தேர்தலும் நாகலூர் வாடகையும்

முடிவெட்டுகிறவனுக்குக் கை ஓட வேண்டும், வாய் ஓடக் கூடாது. எண்பதுகளில் ஏற்காட்டு மலையில் நாகலூரில் சலூன் வைத்திருந்தபோது 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று பலகையே மாட்டியிருந்தேன். வாடகைக் கடையில் காலம் தள்ளும் உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பலகை கடையின் சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது.

செழித்த நாடு

ஒரு குளிர்காலத்தில் பாராளுமன்றத்துக்கான டெல்லித் தேர்தல் வந்தது. சொந்தக்காரர் வெள்ளையண்ணன் பக்கத்து மாரமங்கலத்தில் காப்பித் தோட்டம் போட்டிருந்தவர். அந்த வருஷம் நல்ல விலை. பழம் பறித்துக் களத்தில் காயப்போட்ட தெம்பில் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். இருக்கிற ஆட்சிக்கே ஓட்டு என்றார். தேர்தல் முடிந்ததும் வாடகை ஏறும் என்றும் சொன்னார். ஏற்றினால் கடையை மூடிவிட்டு, சேலத்தில் எவன் கடையிலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். தொழில் மந்தம் என்று முனகினேன். அவர் சிரித்தார்.

"நாடே நொம்ப செழிப்பா இருக்குதுங்க, உங்களுக்கு மட்டும் என்னங்க கொறைச்சல்?"

காலி மேசை

இன்னொரு நாள், ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் சர்வராக இருந்த ரங்கன் பாதிச் சவரத்தில் இருந்தான். பெஞ்சில் வெள்ளையண்ணன். மேசையெல்லாம் காலி, நாடு திவால் என்று ரங்கன் புலம்பினான். அந்தப் பனியில் யார் மலையேறி வருவார்கள்? அவனுக்கோ அதுவும் டெல்லிக்காரன் செய்த வேலை. "ஆருங்க சொன்னது?" என்று வெள்ளையண்ணன் எகிற, ரங்கன் வெடுக்கென்று திரும்பினான். என் கத்தி அவன் தொண்டையில் இருந்தது.

நல்லவேளை, மேல்தோல்தான். படிகாரத்தை வைத்து அழுத்தினேன். இருவரும் நியாயம் கேட்டு என்னையே பார்த்தார்கள். ஒருவர் பக்கம் பேசினால் வாடிக்கை போகும், இன்னொருவர் பக்கம் பேசினால் கடை போகும். நான் படிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரங்கன்தான் கழுத்தைப் பிடித்தபடி கத்தினான்.

"நாடு நல்லா இருந்தா எம்பட பாக்கெட்டுல ஏனுங்க காத்தடிக்குது?"

நனைந்த களம்

ஓட்டுப் போட இரண்டு நாள் இருக்கையில் காலங்கெட்ட மழை. களத்தில் கிடந்த காப்பியெல்லாம் நனைந்து பூசணம் பூத்தது. வெள்ளையண்ணன் தாடியும் மீசையுமாக வந்து நாற்காலியில் சரிந்தார். "நாடே பாழாப் போச்சுங்க, இவனுங்கள மாத்தியே ஆகோணும்" என்றார். மழைக்கு ஆட்சி என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் செழிப்புப் பேச்சோடு வாடகை ஏற்றமும் போயிருக்கும் என்று நினைத்தேன். சோப்பு போட்டுக்கொண்டே, வாடகை பழையபடியே இருக்கட்டுமா என்று மெல்லக் கேட்டேன். உதட்டில் இருந்த நுரையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நாடு இந்த நெலமையில கெடக்கறப்ப, வாடகையும் ஏத்தலீன்னா நா எப்படிங்க பொழைக்கறது?"

ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் நின்று நாட்டின் நிலைமையைப் பற்றி யோசிக்க நானும் எவ்வளவோ முயன்றேன், வாடகையைத் தாண்டி யோசனை ஓடவில்லை.