நான் குரல் கொடுக்காத பத்தடி

என் வலது கையை இப்போது காது வரைக்கும்தான் தூக்க முடியும். தலை சீவ முடியாது. சட்டை மாட்டுவதற்குள் வியர்த்துவிடும். யாராவது பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் நான் இல்லை. யார் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதுகிற அளவுக்கு இந்தக் கை போதும்.

நான் சாமி தூக்குகிறவன். மற்ற நாளில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, திருவிழா வந்தால் தோளில் சாமி வாகனத்தின் தண்டு. முன்தண்டில் முதல் தோள் எங்கள் வீட்டுக்கு என்பது தாத்தா காலத்து ஏற்பாடு. மாடவீதியில் ஜனம் முதலில் எங்களைப் பார்க்கும், அப்புறம்தான் சாமியைப் பார்க்கும் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவ்வளவு திமிர்.

தண்டுக்கு ஒரு முறை உண்டு. தூக்குகிறவன் பக்கத்திலேயே மாற்றுத்தோள்காரன் ஒருவன் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவான். முடியவில்லை என்றால் "தோளு!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அவன் உள்ளே நுழைவான், நாம் வெளியே வருவோம். இதில் வெட்கம் கிடையாது, மலை மாதிரி இருப்பவனும் குரல் கொடுப்பான். கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் தோளை எடுத்தால் அந்தப் பாரம் அப்படியே பின்னால் நிற்பவன்மேல் இறங்கும். எங்களில் சின்னப் பையனுக்கும் இது தெரியும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு வைகாசியில், வேங்கிக்கால் திருப்பத்தில் மணலில் பைக் வழுக்கி விழுந்தேன். தோளுக்குள் தசைநார் கிழிந்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர்.

"ஆறு மாசத்துக்குப் பால் பாக்கெட்டுக்கு மேல எதுவும் தூக்கக் கூடாது. சாமி தூக்குறதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்கு ஐந்தரை மாசம்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் இடத்துக்கு என் மச்சானை நிறுத்தினார் மேஸ்திரி, அதாவது எங்கள் ஆட்களுக்குத் தலைவர். மச்சான் என் பெண்டாட்டியின் தம்பி. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வருகிற வேன் அவனுடையது. அதுவரை தண்டில் எனக்குப் பின்னால் இரண்டாவது தோளாக நின்றவன். என்னைவிட நாலு விரல் குட்டை. தண்டு சாயாமல் இருக்க, துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொள்வான். ஆடி மாசம் ஒத்திகையில் அவன் முன்னால் நிற்பதைக் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது.

"டேய் மச்சான், துண்டு பத்தலன்னா வீட்ல தலகாணி இருக்குதுடா, எடுத்தாரட்டுமா?" என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "நீங்க சீக்கிரம் வந்துடுங்க மாமா, எனக்கு முன்னாடி நின்னா கை காலெல்லாம் உதறுது" என்றான். அதைக் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னான்.

பிசியோதெரபிக்கு ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார்கள். ஒரு மாசம் இழுத்தும் தோள் குச்சியாகவே இருந்தது. அப்புறம்தான் அந்த ஜிம்மைப் பிடித்தேன். அதன் சொந்தக்காரன் என் தோளைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஸ்டீராய்டு என்ற வார்த்தையை அவன் சொல்லவே இல்லை. "ஒரு கோர்ஸ் போட்டுக்கண்ணா" என்றான், ஏதோ டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி. வாரத்துக்கு இரண்டு ஊசி, இடுப்புக்குக் கீழே. எனக்கு விவரம் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். தெரிந்துதான் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் சத்து ஊசி என்று சொல்லி வைத்தேன். ஐப்பசிக்குள் உடம்பு ஏறிவிட்டது. சட்டை பிடித்தது. முதுகு முழுக்கக் கட்டி கட்டியாகப் பரு. வலி கம்மியாகிவிட்டது, கோபம்தான் ஜாஸ்தி. குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைச் சுவரில் அடித்தேன். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு. டம்ளரைக் கீழே போட்டதற்கு நான் போட்ட கத்தலில் பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் பைக் சத்தம் கேட்டாலே ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வாள். நான் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பேன், அவள் அங்கே நிற்பாள். இதைச் சொல்ல எனக்கு இப்போது நாக்கு கூசுகிறது, அப்போது கூசவில்லை.

திருவிழாவில் எங்கள் முறை வந்த காலையில் வேட்டியை இறுக்கிக் கட்டி, வெறும் உடம்போடு போய் நின்றேன்.

"அடேங்கப்பா! ஆபரேஷன் பண்ண உடம்பாடா இது?" என்று ஒருத்தர் கன்னத்தில் கை வைத்தார்.

மேஸ்திரி கட்டை விரலால் தோளை அழுத்திப் பார்த்தார். "டாக்டரு தூக்கலாம்னு சொன்னாராடா?"

"சொல்லிட்டாருண்ணா."

அவ்வளவுதான். மச்சான் பின்னால் போய்விட்டான். போனவன் திரும்பி வந்து, தன் தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினான். "மாமா, தையல் போட்ட எடம். இத வெச்சுக்கங்க, மெத்துனு இருக்கும்."

"போடா, குள்ளனுக்குத்தான் துண்டு." வாங்கித் தூர எறிந்தேன். அது தேங்காய்த் தண்ணீர் கொட்டிய சேற்றில் போய் விழுந்தது. மச்சான் எடுத்துப் பிழிவதற்குள் தண்டு எழும்பிவிட்டது. வெறும் தோளோடு நுழைந்தான்.

முதல் வீதி முழுக்க நன்றாகத்தான் போனேன். ஜனம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. வீதி மூலையில் திரும்பும்போது உள்பக்கத்துத் தோளுக்குப் பாரம் கூடும், உள்பக்கம் இருந்தது நானும் மச்சானும். தோளுக்குள் படக் என்று ஒன்று அறுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாற்றுத்தோள்காரன் ஒரு கை தூரத்தில் என் வாயைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். ஒரு குரல். ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கொடுக்கவில்லை. ஐந்தரை மாசம் கழித்து வந்தவன், துண்டை எறிந்தவன், முதல் வீதியிலேயே கத்துவதா? பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன். தோளைத் தண்டிலிருந்து விலக்கினேன். தூக்குகிற மாதிரி இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்தடி இருக்கும். பின்னால் மச்சானின் மூச்சு கேட்டது. அவன் "மாமா... மாமா..." என்றான். காதில் விழுந்தது. அவனும் குரல் கொடுக்கவில்லை. திருப்பத்துப் பாரம்தான் என்று நினைத்து, நான் திரும்பி வந்த நாள் கெட வேண்டாம் என்று தாங்கியிருக்கிறான். அப்புறம் கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் முழங்கால் தரையில் இடித்தது.

மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள், சாமி இறங்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஆடிவிட்டது. ஜனம் "ஐயோ" என்றது. மேஸ்திரி ஓடி வந்து தரையில் கிடந்தவன் முதுகில் ஒன்று வைத்தார். "நடக்கத் தெரியலன்னா எதுக்குடா தண்டுக்கு வந்த? கால் தடுக்குற எடமாடா இது?"

நான் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவன் உக்காந்துட்டான்ணா. இவன் உக்காந்ததுலதான் என் தோளு போச்சு" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மறுபடியும் வேலூர். டாக்டர் ஸ்கேனையும் என் உடம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்ன ஊசி போட்டீங்க?" என்றார். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாள். நான் சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன். "ஊசி சதையை வளத்துடும் சார். சதையை எலும்போட கட்டி வெச்சிருக்கிற நாரை வளக்காது. இப்ப உள்ள கந்தல்தான் இருக்கு, முடிஞ்ச வரைக்கும் தைக்கிறேன்" என்றார். வெளியே வந்ததும் பெண்டாட்டி ஒன்றே ஒன்று சொன்னாள். "என் தம்பி கால் தடுக்குறவன் இல்ல." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தும் அதிகம் பேசுவதில்லை.

மச்சானுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள், கோணலாகக் கூடிவிட்டது. கட்டோடு என்னைப் பார்க்க வந்தான், ஒரு கையில் சாத்துக்குடிப் பை. "எங்க சறுக்குச்சின்னே தெரியல மாமா. உங்க தோளு என்னாலதான போச்சு" என்று அழுதான். சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. "விடுடா, ஆனது ஆச்சு" என்று மன்னிக்கிறவன் மாதிரி சொன்னேன். சாத்துக்குடியையும் உரித்துத் தின்றேன்.

இனி அவன் தண்டில் கை வைக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும், "உன் எடம் உனக்குத்தான்டா, எப்ப வேணா வா" என்றார். மூட்டை தூக்க முடியாமல் மச்சான் வேனை விற்றுவிட்டான். இப்போது ஒரு லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கிற வேலை.

போன தீபத்தன்று சாயங்காலம் கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியை விட்டு வெளியே வருகிற நேரம். உள்ளே கால் வைக்க இடம் இல்லை. எல்லோரும் ஒரே நெருக்காக முன்னால் தள்ளினார்கள். என் வலது பக்கம் யாரோ ஒருவர் வந்து புகுந்தார். பார்த்தால் மச்சான். கோணலாகக் கூடிய அந்தத் தோளைத் தடுப்பாக வைத்து, என்மேல் இடிக்க வந்த கூட்டத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டிருந்தான். வலியில் முகம் சுருங்கியிருந்தது. தோளில் நாலாக மடித்த துண்டு.

"தோளு பத்திரம் மாமா" என்றான். துண்டை எடுத்து என் தோளில் வைத்தான்.

நான் எறியவில்லை. மலைமேல் ஜோதி தெரிந்தது. கூட்டம் "அரோகரா" என்று கத்தியது. மச்சான் பக்கம் திரும்பினேன், என் வாயும் திறந்தது. அரோகரா என்று மட்டும்தான் கத்தினேன்.