முப்பத்தேழாவது அடிக்குறிப்பு

எண்பத்தைந்தில் ரவாங் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு டைப் கடை இருந்தது. நான் அங்கே போட்டோஸ்டாட் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் அம்சவள்ளி டைப் அடித்தாள். இருபத்து நான்கு வயது. அதிகம் பேசமாட்டாள்.

கோலாலம்பூரில் அத்தனை கடைகள் இருந்தும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் அடிக்குறிப்புகள்தான். பக்கத்தின் அடியில் எத்தனை வரி தேவைப்படும் என்று முன்கூட்டியே எண்ணி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டுதான் அவள் தாளைச் செருகுவாள். அதைவிட முக்கியம், அவள் அடிப்பதைப் படிப்பாள். புத்தகத்தின் பெயர் இருந்து பக்க எண் இல்லையென்றால் தாள் கொண்டுவந்தவரிடமே திரும்பிவிடும்.

"எங்கேருந்து எடுத்தீங்க? பக்கம் எத்தனை? யாரோ சொன்னதை நீங்க சொன்ன மாதிரி எழுதக்கூடாது லா, தம்பி."

அந்த மார்ச் மாதம் உமாபதி வந்தான். கோலசிலாங்கூர்ப் பையன், வரலாற்றுத் துறையில் கடைசி ஆண்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்த பிறகு தோட்டத்துப் பெண்களின் நிலை என்று மலாய் மொழியில் எழுதியிருந்தான். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே பெண்ணின் பேட்டி. பேட்டி கொடுத்தவரின் பெயர், வயது, ஐசி என்ற அடையாள அட்டையின் எண், இடம், தேதி எல்லாம் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும் என்பது அவனுடைய விரிவுரையாளரின் கண்டிப்பு.

ஒரு மத்தியான நேரம். அம்சவள்ளியின் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மெஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா?" என்றேன்.

"நம்பரை நான் பார்த்து அடிக்கல," என்றாள். "மொத ரெண்டு எண்ணைத்தான் பார்த்தேன். மீதிய விரல் தானா அடிச்சிருச்சு. இப்பதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சரியா இருக்கு."

முப்பத்தேழாவது அடிக்குறிப்பு. வேலம்மா, வயது 52, அதன் பிறகு ஐசி எண், ஆறாங்கட்டைத் தோட்டம், புக்கிட் பெலிம்பிங், 17 பிப்ரவரி 1985.

வேலம்மா அவளுடைய அம்மாவின் பெயர். அந்த எண் அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்த எண். பள்ளிக்கூடம், ஐசி, வேலை என்று எத்தனையோ விண்ணப்பப் பாரங்களில் எழுதி எழுதி அவள் விரலுக்கு அது மனப்பாடம். ஆனால் அம்மா அறுபத்தொன்பதிலேயே ராசா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அம்சவள்ளிக்கு அப்போது எட்டு வயது. அந்த மாதமே அப்பா அவளை ரவாங்கில் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். பிறகு அப்பாவும் இறந்துவிட்டார்.

அன்று மாலை உமாபதி வந்ததும் பிறப்புப் பத்திரத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் எண்ணைப் பார்த்தான். தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தான்.

"அக்கா, அவங்க ஐசியைக் கையில வாங்கித்தான் எழுதினேன். எதிர்ல உக்காந்து எனக்கு வரக்கோப்பி கலக்கிக் குடுத்தாங்க."

"அந்தப் பேட்டியில ஒரு புள்ள பொறந்த கதை வருதே. ஆத்து வெள்ளம் லயத்துப் படி வரைக்கும் வந்த நாள்ல, மேசை மேல படுக்க வச்சுப் பொறந்த பொம்பளப்புள்ள."

"ஆமாக்கா, அவங்க மகளாம்."

"அது நான்," என்றாள் அம்சவள்ளி. "நேர்ல சரிபார்க்காம இதை என் கையால அடிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் பஸ் பிடித்துப் போனார்கள். இனி நான் சொல்வது இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. இரண்டும் ஒத்துப்போயின.

தோட்டத்துக்குள் போகும்போது உச்சிவெயில். ஆனால் செம்பனை ஓலைகளுக்குக் கீழே வெளிச்சம் பச்சையும் கறுப்புமாகக் கலங்கிக் கிடந்தது. ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை. பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதவே இல்லை. கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து ஓலையில் ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அம்சா, வெயில்ல நிக்காதே. உள்ளார வா."

அம்மா மட்டுமே அவளை அம்சா என்று கூப்பிடுவாள். உமாபதி அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்று என்னிடம் சத்தியமே செய்தான்.

"எப்படித் தெரியும்?" என்று அவன்தான் கேட்டான்.

"எடது காலு உள்பக்கமா திரும்புது பாரு. சின்னதுலயும் அப்படித்தான்."

அம்சவள்ளி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அது அம்மா இல்லை. நிறம் வேறு, தாடை வேறு. அந்தப் பெண்ணோ, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் போலப் பேசிக்கொண்டே போனாள்.

"நான் செத்த அன்னிக்கு நீ கதவுக்குப் பின்னால நின்னே. மஞ்ச கவுனு. எல்லாரும் அழுதுகிட்டு இருந்ததுல யாரும் உன்னைத் தேடல."

உண்மைதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க யாரு?"

"வேலம்மா."

"எங்கம்மா செத்துட்டாங்க."

"ஆமா. நான்தானே குளிப்பாட்டிப் பொடவை கட்டிவிட்டேன்."

இரண்டையும் அவள் ஒரே குரலில் சொன்னாள். ஒன்று மற்றொன்றை மறுப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் புடவைத் தலைப்பிலிருந்து ஐசியை எடுத்துக் கொடுத்தாள். புகைப்படத்தில் முகம் இருந்த இடம் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போயிருந்தது.

பிறகு மெதுவாகத்தான் கதை வந்தது. ராசா தோட்டத்தில் அவள் அடுத்த வீட்டுக்காரி. இருவரும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டியவர்கள். விடியலில் பேசிக்கொண்டே வெட்டுவார்கள். வேலம்மாவின் வாழ்க்கை முழுவதும் அவள் காதில் விழுந்தது அப்படித்தான். அவளுக்கு இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. பெர்மிட் சட்டம் வந்ததும் வேலை இல்லை, ஊருக்குக் கப்பல் ஏறு என்றார்கள். ஊரில் யாரும் இல்லை. இறந்துபோன வேலம்மாவின், குடிமக்களுக்கான நீல ஐசியை, ஆபீசில் ஒப்படைக்கிறேன் என்று வாங்கிப்போன, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சின்னையா தன்னிடமே வைத்திருந்தான். அதை அவள் கையில் கொடுத்து, தெரிந்தவர் இல்லாத இந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டான். யார் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்லவேண்டும் என்றான்.

"மொத ஒரு வருசம் பொய்யின்னு தெரிஞ்சுதான் சொன்னேன். தெனம் மரத்துக்கிட்ட சொல்லிப் பார்ப்பேன். அப்புறம் எது எதுன்னு பிரிக்க முடியல, கண்ணு."

"உங்க சொந்தப் பேரு?"

அவள் ஈர்க்கைக் கீழே வைத்தாள். உதடு இரண்டு முறை அசைந்தது.

"ஒரு பேரு வருது. அது என் பேரா, எங்கூடக் கப்பல்ல வந்த தங்கச்சி பேரான்னு தெரியல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உமாபதி புலம்பினான். எண்ணைப் போட்டால் ஆய்வேடு நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். என்றைக்காவது அரசாங்கத்து ஆள் படித்தால் கிழவி ஜெயிலுக்குப் போவாள். போடாவிட்டால் சான்று இல்லை என்று விரிவுரையாளர் தள்ளிவிடுவார்.

"பேட்டியை எடுத்துருவோம்க்கா."

"எதுக்கு? அவங்க சொன்னது பொய் இல்லையே. யார் சொன்னதுங்கறதுதான் தப்பா இருக்கு."

மறுவாரம் அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தை வரிவரியாகப் பிரித்தாள். கல்யாணம், வெள்ளம், பிரசவம் எல்லாம் அம்மாவுடையது. பெர்மிட், பயம், புதுத் தோட்டத்தில் தனியாகப் பதினைந்து வருஷம், இது அந்தப் பெண்ணுடையது. சில வரிகள் யாருடையவை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அவற்றை மட்டும் அடிக்க மாட்டேன் என்று உமாபதியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் அடிக்குறிப்பு இரண்டானது. ஒன்றில், பெயர் வெளியிட விரும்பாத பெண் தொழிலாளி, சுமார் ஐம்பது வயது, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம், பேட்டியின் தேதி. மற்றொன்றில், காலஞ்சென்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் சொன்னது, மேற்படி பெண்ணின் வாய்வழி. அம்மாவின் பெயரை அதில் போட அம்சவள்ளிக்கு ஆசைதான். போட்டால் அந்த ஐசிக்கு வழி காட்டியதாகிவிடும் என்று விட்டுவிட்டாள். விரிவுரையாளர் இரண்டு நாள் வாதாடிவிட்டு ஒப்புக்கொண்டார். உமாபதி தேறினான்.

அம்சவள்ளி அதன்பிறகு மாதம் ஒருமுறை ஆறாங்கட்டைக்குப் போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எண்பத்தேழில் லயத்திலிருந்து காளியம்மா என்ற பெண் கடைக்குப் போன் செய்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக, மகளுக்குச் சொல்லச் சொன்னாள்.

இறப்பைப் பதிய யாராவது கையெழுத்துப் போடவேண்டும். நானும் கூடப் போயிருந்தேன். குமாஸ்தா பாரத்தை நீட்டி, என்ன உறவு என்று கேட்டார். பக்க எண் இல்லாத ஒரு வரியைக்கூட அடிக்காதவள் பேனாவைத் திறந்து, "மகள்" என்று எழுதினாள்.

வெளியே வந்ததும், "ஏன் அப்படி எழுதினே?" என்றேன்.

"வேற யாரு இருக்கா அவங்களுக்கு?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளாகவே சொன்னாள்: "இப்பல்லாம் கனவுல எங்கம்மா வர்றப்ப ஆறாங்கட்டை அம்மா மொகத்தோடதான் வர்றாங்க. மாத்திப் பார்க்கணும்னு எவ்வளவோ முயற்சி பண்றேன். முடியல."