நாற்றம் நின்றுபோன அறை

எழுத எழுத வரி கோணிக்கொண்டு போகிறது. வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்... கோபம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவளம் போய் மீன் வாங்கிவரலாம் என்று பையோடு பார்க்கிங்குக்கு இறங்கினேன். நாங்கள் இருப்பது சிறுசேரியில், ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட். பார்க்கிங்கின் கோடியில் ஒரு எஸ்.டி.பி. அறை உண்டு. எல்லா வீட்டுக் கழிவுநீரும் அங்கேதான் வந்து சேர்ந்து சுத்தமாகிறது. அந்த அறை வாசலில் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றா சொன்னேன்? சரிந்து கிடந்தார்.

ஏசுபாதம் அந்த அறையின் ஆபரேட்டர். திருப்போரூர் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்று ஐ.டி.ஐ. படிக்க வைத்தார்கள். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அன்று அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. பேச்சு குழறியது.

"காலைல செம நாத்தம் மேடம். பம்ப்பு அடைச்சிகினு கீதுன்னு உள்ள போனேன். கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்ல... சரியாப் பூட்சின்னு வேலை பாத்துகினே இருந்தேன். திடீர்னு தலை சுத்திச்சு. தவழ்ந்தே வந்துட்டேன்."

மீனாவது மண்ணாவது! காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலமே சுசீலாவுக்கு போன் போட்டேன். காலேஜிலிருந்து என் தோழி. இப்போது அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில் இருக்கிறாள், வேலை முழுக்க வாயு அளக்கும் கருவிகளோடுதான். நடந்ததைச் சொன்னேன். நாற்றம் தானாகவே போய்விட்டதாம், அப்புறம் எப்படி மயக்கம் வந்தது என்று கேட்டேன்.

"நாத்தம் நின்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லடி. மூக்கு போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். "சாக்கடையில வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படித்தான். அளவு ஏறினா மோப்பத்தையே மழுங்கடிச்சிடும். ஆமா, அங்க அலாரம் இல்லையா?"

இருந்தது. அலாரம் இருந்தது... ஆனால் அதன் மேல் ஒரு பாலிதீன் கவர் இருந்தது. காற்றே உள்ளே போகாதபடி சுற்றி ரப்பர் பேண்ட்!

கவரை யார் மாட்டியது? ஏசுபாதம். மாட்டச் சொன்னது? அசோசியேஷன் செக்ரட்டரி. அவரைச் சொல்ல வைத்தது யார்?

நான்தான்.

என் வீடு முதல் மாடியில், அந்த அறைக்கு நேர் மேலே. வெள்ளிக்கிழமை யாராவது பார்க்கிங்கில் சாம்பிராணி போட்டால் அந்த அலாரம் கத்தும். தரையை ஆசிட் போட்டுக் கழுவினால் கத்தும். கொசுமருந்துக்கும் கத்தும். ஒரு மத்தியானம் பொறுக்கமுடியாமல் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "இந்தப் பொய்க் கூச்சலை யாராவது நிறுத்தித் தொலையுங்களேன்!" எத்தனை கட்டைவிரல் வந்தது தெரியுமா? மறுநாள் சத்தம் இல்லை. நன்றி சொல்லி ஒரு கும்பிடு வேறு போட்டேன். அந்தக் கையைத்தான் இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

சுசீலாவிடம் இதைச் சொன்னபோது சுள்ளென்று, "உனக்கு அறிவு இருக்காடி?" என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அப்புறம்தான் விளக்கினாள். அந்தச் சுவரில் இருந்தது ஒரே ஒரு சென்சார். எது வந்தாலும் கத்தத்தான் தெரியும். வந்தது எது என்று சொல்லத் தெரியாது. "பக்கத்து வீட்ல சண்டைன்னா ஒரே ஆளைக் கேட்டு முடிவு பண்ணுவியா? நாலு பேரை விசாரிக்க மாட்டே? அதே மாதிரிதான் இதுவும்." விதவிதமான சென்சார்களை ஒரே பெட்டியில் வைக்கவேண்டுமாம். ஒன்று சல்ஃபைடுக்கு, ஒன்று மீத்தேனுக்கு, ஒன்று புகைக்கு, ஒன்று ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்க்க. சாம்பிராணி என்றால் புகை சென்சார் மட்டும் துள்ளும், மற்றவை சும்மா இருக்கும். சல்ஃபைடு ஏறினால் அதற்கான சென்சார் துள்ளும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வந்திருப்பது இன்னது என்று பெட்டியே பேர் சொல்லும். வெறுமனே கத்தினால் எரிச்சல் வருகிறது. பேர் சொல்லிக் கத்தினால் மனுஷன் வெளியே ஓடுவான்.

அடுத்த ஞாயிறு கிளப் ஹவுஸில் அவசரக் கூட்டம். அவசரம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஏசுபாதத்தை வேலையை விட்டு அனுப்புவதற்கு!

"பாதுகாப்புக் கருவியை மூடி வெச்சது பெரிய தப்பு. ஏஜென்சிகிட்ட வேற ஆள் கேட்டிருக்கோம்" என்றார் செக்ரட்டரி. குரலில் என்ன ஒரு நியாயம்! ஏசுபாதம் கதவோரம் நின்றிருந்தார். அத்தனை காலி நாற்காலி கிடந்தும் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, போனை எடுத்து, நான் எழுதிய மெசேஜைச் சத்தமாகப் படித்தேன். கீழே கட்டைவிரல் போட்ட பேர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"மேடம், அது வேற விஷயம்..."

"எது வேற? கேட்டது நான். கட்டச் சொன்னது நீங்க. கட்டினது அவர். அனுப்பறதுன்னா மூணு பேரையும் அனுப்புங்க. இல்லேன்னா மூணு பேரையும் கூட்டத்து மினிட்ஸ் நோட்டுல எழுதுங்க."

"மினிட்ஸ்ல எல்லாம் எதுக்கு மேடம்?" என்று இழுத்தார். ஏசுபாதத்தை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

அந்த எஸ்.டி.பி. அறையில் எரிந்து நான்கு மாதமான எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சுசீலா சொன்ன பெட்டிக்கும் கை தூக்கினார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் எழுந்து, "அதை லாபியில வெச்சா வர்றவங்க பார்ப்பாங்க, நமக்கும் ஒரு கெத்து" என்றார். லாபியில் ஏர் ஃப்ரெஷ்னர் வாசனையைத் தவிர வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்! நான் திட்டிய திட்டை இங்கே அச்சில் ஏற்றமுடியாது.

பெட்டி எஸ்.டி.பி. அறையிலேயே வந்தது. எந்த வாயு என்று காட்டும் திரை, கதவுக்கு வெளியே. உள்ளே நுழையும் முன் பார்த்துவிட்டுப் போகலாம். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். 'புகை' என்று மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது அலறியது. பால்கனிக்கு ஓடினேன். ஏசுபாதம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, வெயிலில் நல்ல தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். திரையில் சல்ஃபைடாம், புது ஃபேன் ஓடுகிறதாம், கீழிருந்தே கை காட்டிக் கத்திச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. காதில் ஹெட்செட்டோடு ஒரு தலை.

"ஏம்ப்பா ஏசுபாதம், ஆபீஸ் கால்ல இருக்கேன்... அந்தச் சத்தத்தை உள்ள போய் நிறுத்தேன்!"

ஏசுபாதம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எறங்கி வந்து நிறுத்திக்கோ சார்."