சோப்பு டப்பாவுக்குள் இருந்த இரைச்சல்

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தின் வயர்லெஸ் பிரிவில் நான் பொறியாளராக இருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிக்னல் கோபுரத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை, அதில் நான், முறை மாற்றி வரும் மூன்று ஆபரேட்டர்கள், ஒரு வேலைமேசை. ஆனால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலானாலும், அதில் ஏறி உள்ளே கொண்டுவரும் பைலட்டானாலும், எங்கள் செட் வழியாகத்தான் பேசியாக வேண்டும். ‘என் செட்’ என்றுதான் நான் சொல்வேன். அரசாங்கச் சொத்து என்று யாரும் என்னைத் திருத்தியதில்லை.

ஒரு பங்குனி மாதம் அந்த செட்டில் இரைச்சல் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் தொடங்கும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போன்ற சீறல். தூரத்துக் குரல்கள் அதற்குள் அமுங்கிப் போகும். முதலில் என் பொருட்களைத்தான் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். ஏரியலை இறக்கி உப்புப் பொருக்கைச் சுரண்டினேன். செட்டையே மாற்றினேன். சீறல் அப்படியே இருந்தது.

ஒருநாள் உள்ளே வரும் கப்பலும் வெளியே போகும் கப்பலும் துறைமுக வாயிலில் நேருக்கு நேர் வந்துவிட்டன. உள்ளே வரும் கப்பலின் பைலட் கையிலிருந்த சின்ன செட்டில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் அவர் கப்பலை ஒதுக்கித் திருப்பினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கப்பலைக் கட்டியதும் நேரே மாடியேறி வந்து, கைசெட்டை என் மேசைமேல் வைத்தார்.

“மூணு தடவ கூப்பிட்டேன்மா. உங்களுக்குக் காது கேக்கலையா, உங்க செட்டுக்குக் கேக்கலையா?”

அவர் இறங்கிப் போகும்போது படிக்கட்டில் யாரோ, “பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்” என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் நானே செட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கே சீறல் தொடங்கிவிட்டது.

“இதென்ன, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டு?” என்றேன்.

ஆபரேட்டர் தலையைத் தூக்காமலே, “இன்னைக்கு மேட்ச்லா மேடம். இலங்கை டிவில காட்டுதான்” என்றார்.

சொல்லிவிட்டு அவரே சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்போது எங்கள் ஊருக்கு நம் நாட்டு டிவி எட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கைப் படம் வரும், மற்ற நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான். அதைப் பிடிக்கத்தான் வீட்டுக்கு வீடு தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனாவும் அதோடு சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரும் கட்டியிருந்தார்கள். டிவியைப் போட்டால் பூஸ்டருக்கும் மின்சாரம் போகும்.

அலுமினியக் குழாய்களை வெட்டித் துடைப்பக்கட்டையில் பூட்டி, திசை காட்டும் ஆண்டெனா ஒன்று செய்தேன். இரைச்சல் எந்தத் திசையில் அதிகம் என்று கோபுரத்திலிருந்து ஒரு கோடு, உப்பளத்து வரப்பிலிருந்து ஒரு கோடு, வரைபடத்தில் போட்டேன். இரண்டும் ஊருக்குள் மில்லர்புரத்தில் சந்தித்தன. அன்று மாலையே ஜீப்பில் போய் இறங்கி, தோளில் ரிசீவரும் காதில் ஹெட்போனும் கையில் துடைப்பக்கட்டையுமாகத் தெருவில் நடந்தேன். இரைச்சல் மிகுதியாக இருந்த வீட்டு வாசலில் நின்றபோது அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே கத்தினார்.

“ஏளா, டிவிய அமத்து! அதுக்கு லைசென்ஸ் இருக்கான்னு பாக்க வந்திருக்காவ!”

உள்ளே டிவி அணைந்தது. என் காதில் சீறல் பாதியாகக் குறைந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயத்தைச் சொல்லி, பூஸ்டரை இறக்கி வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர், கம்பியைச் சுற்றிச் செய்த சில காயில்கள். பக்கத்துத் தெருக்களிலும் அதே டப்பாதான். எல்லாம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரின் கைவேலை. ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கு. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

“அண்ணாச்சி, இது நீங்க செஞ்சதா?”

அவர் முகம் மலர்ந்தது. “நம்ம பூஸ்டர்தான் மேடம். படம் எப்படித் தெரியுது?”

“படம் நல்லாத் தெரியுது. எனக்குக் கப்பல்தான் கேக்க மாட்டேங்கு.”

அவர் நம்பவில்லை. மறுநாள் காலை, ஊரில் டிவி ஓடாத நேரமாகப் பார்த்துக் கோபுரத்துக்குக் கூப்பிட்டு, அவர் பூஸ்டருக்கு அவர் கையாலேயே கரண்ட் கொடுக்கச் சொன்னேன். செட் சீறியது. எடுக்கச் சொன்னேன். நின்றது. மறுபடி கொடுத்தார், எடுத்தார். ஐந்தாறு தடவை அப்படிச் செய்தார்.

“நம்ம சரக்கா இப்படிக் கத்துது?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெருக்கிய சிக்னலில் கொஞ்சம் திரும்ப நுழைவாய்க்கே போய்விடுகிறது. அதனால் வாங்க மட்டும் வேண்டிய பூஸ்டர் தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடுகிறது என்று விளக்கினேன். அதைத் தடுக்க நான் நாலு பக்கம் கணக்குப் போட்டு ஒரு ஃபில்டர் வரைந்து வைத்திருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, உள்ளே இருந்த காயில் ஒன்றை மெல்லக் குறுக்காகத் திருப்பினார். சீறல் பாதியாயிற்று.

“ரெண்டு காயிலும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்கி மேடம். அதான் பேச்சு ஓய மாட்டேங்கு. நடுவுல ஒரு சுவரு வச்சிருவோம்.”

பால்பவுடர் டின்னை வெட்டி, இரண்டுக்கும் நடுவே தகடாக நிறுத்தி ஈயம் பற்றவைத்தார். செட் அமைதியானது. அந்த அமைதியில் வெளியே நின்ற கப்பல் ஒன்று தண்ணீர்ப் படகு கேட்டுக் கூப்பிட்டது. என் நாலு பக்கத்தை மடித்து டிராயருக்குள் வைத்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த இரண்டு மாதம் அவரும் நானும் வீடு வீடாகப் போனோம். படம் போய்விடும் என்று சண்டைக்கு வந்தவர்கள், தகடு வைத்தபின் படத்தில் கோடுகள் மறைந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் வழிகாட்டினார்கள். செட்டில் சாயங்காலச் சீறல் ஓய்ந்தது.

தென்மாவட்டத்து வயர்லெஸ் பொறியாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை மதுரையில் கூடுவோம். தொலைபேசி, போலீஸ் வயர்லெஸ், கல்லூரி என்று பல இடங்களிலிருந்தும் வருவார்கள். பல வருடங்களாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவந்தவள் நான். அந்த வருடம் முதல்முறையாக, இந்தத் தகட்டைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினேன், என் பெயரையும் அண்ணாச்சி பெயரையும் போட்டு. இரண்டாவது பெயருக்குப் பட்டமோ உறுப்பினர் எண்ணோ இல்லை என்பதால் நீக்கிவிட்டோம் என்று கூட்டத்தின் செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

“கடைசியில நன்றின்னு போட்டுட்டாப் போதாதாம்மா?” என்றார் என் மேலதிகாரி.

“காயிலத் திருப்பினது அவர் சார். நான் நன்றி சொல்லித் தீத்துற விஷயம் இல்ல இது.”

கூட்டம் நடத்துபவர்களிடம் சொல்லாமலே அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அச்சடித்த நிகழ்ச்சிநிரலில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. என் முறை வந்தபோது, பேசுவதற்கு முன் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். செயலாளர் நாற்காலியில் நெளிந்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த மூத்த பொறியாளர் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: வெயிலில் தகடு விரிந்தால் பற்றவைத்த இடம் விட்டுப்போகாதா?

“அதுக்கு இவர்தான் பதில் சொல்லணும்” என்று அண்ணாச்சியைக் காட்டி, கேள்வியை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “விட்டுப்போச்சு சார், மொதல்ல ஏழெட்டு விட்டுப்போச்சு. பெறவு ஒரு பக்கத்த மட்டும் முழுசாப் பத்தவச்சு, மத்த பக்கத்த மடிச்சுச் சொருகி விட்டேன். இப்ப விரிஞ்சாலும் அதுக்கு எடம் இருக்குல்லா.”

கேட்டவர் தமிழிலேயே, “அருமை. எனக்கு இது தோணியிருக்காது” என்றார். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் அண்ணாச்சியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று, காயிலுக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டார்கள். செயலாளரும் அதில் இருந்தார். சில மாதங்கள் கழித்து வந்த கட்டுரைத் தொகுப்பில் இரண்டு பெயரும் இருந்தன. அதற்குப் பின் எத்தனையோ பெரிய கருவிகளை நிறுவியிருக்கிறேன், பாராட்டுக் கடிதங்களும் உண்டு. ஆனால் என் தொழிலை நினைத்து நெஞ்சு நிமிர்ந்த நாள் என்று கேட்டால் மதுரையில் அந்த நாளைத்தான் சொல்வேன்.

திரும்பும்போது எட்டயபுரத்தில் பஸ் டீக்கு நின்றது. கண்டக்டர் அண்ணாச்சிக்குத் தெரிந்தவர். “என்ன அண்ணாச்சி, மதுரைக்குச் சாமான் எடுக்கப் போனியளா?” என்று கேட்டார்.

“இல்ல. அங்கன ஒரு கூட்டம்” என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றிக்கொண்டே. “நானும் மேடமும் பேசினோம்.”