என் பிள்ளை அவிழ்த்த கயிறு

பல வருஷமாக நான் கர்த்தரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. என் நடுப்பிள்ளை அபி ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் விண்ணப்பம். அதற்குப் பதில் கிடைத்த நாளைப் போல ஒரு நாள் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. ஆனாலும் அந்த நாளுக்காகத்தான் இன்றைக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். சபையில் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எங்களுடையது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். என் வீட்டுக்காரர் தேவா ஏரியில் நண்டு வலையும் இறால் வலையும் போடுகிறவர். அவர் கொண்டுவருவதைப் பிரித்து ஏலத்துக்கு அனுப்புவது என் வேலை. எங்களுக்கு மூன்று பையன்கள். மூத்தவன் ஜோயல், சொன்னாலும் கேட்பான், சொல்லாவிட்டாலும் கேட்பான். கடைசிப் பையன் சாமுக்குச் சோறு போட்டால் போதும், உலகத்தில் அவனுக்கு வேறு குறை கிடையாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவன்தான் அபி.

அபி இட்லி சாப்பிடுவதைப் பார்த்தால் உங்களுக்கே மூச்சு வாங்கும். முதல் வாய் எங்கள் வீட்டில், இரண்டாவது வாய் பக்கத்து வீட்டில், மூன்றாவது வாய் மதில் மேல். உப்பு வாங்கிவரச் சொன்னால் கையில் ஓணானோடு வருவான். உப்பு எங்கேடா என்று கேட்டால், என்ன உப்பு என்று நிஜமாகவே முழிப்பான். சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்திருப்பவன் அவன் ஒருவன்தான். அந்த நேரத்தில் பாஸ்டர் ஐயாவின் மைக் வயரைப் பிடுங்கிவிடுவான்.

எல்லாவற்றையும்விட முடிச்சு என்றால் அவனுக்குக் கை நிற்காது. எங்கே முடிச்சைப் பார்த்தாலும் அவிழ்க்க வேண்டும். ஆட்டுக் கயிறு, அரிசி மூட்டைக் கட்டு, என் பாவாடை நாடா, எதுவும் தப்பாது. ஒரு சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றுவதற்கு முன்பே கம்பத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான். தலைமையாசிரியர் இழுக்க இழுக்கக் கயிறு மட்டும் வந்தது, கொடி வரவில்லை. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அவனை என்ன செய்வது என்று ஊரே எனக்குப் பாடம் நடத்தியது. நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். சபைக்கு வருகிற ஒரு அக்கா, ஏதாவது ஆவியாக இருக்கும் என்றே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் கிராம நர்ஸ் மட்டும், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய்க் காட்டும்மா, இது வளர்ப்புக் கோளாறு இல்ல" என்றார். என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, இவனை உட்கார வையும் என்று மன்றாடினேன். அவன் உட்காரவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடம் லீவு விடும் சமயத்தில் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, இனி இவனைச் சமாளிக்க முடியாது, வேறு இடம் பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். உள்நாட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் அவனைச் சேர்ப்பது என்று. நான் அழுதேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்.

"நான் வலைய இழுக்கும்போதெல்லாம் இவன்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்கிறான். எந்நேரம் தண்ணில உழுவானோன்னு கிடந்து சாவுறேன். அங்க தண்ணி இல்ல. எங்கியோ உயிரோட இருக்கட்டும்."

பாசத்தில்தான் சொன்னார். அதனால்தான் அதை எதிர்க்க முடியவில்லை. தகரப் பெட்டி வாங்கி, அவன் சட்டைகளை மடித்து வைத்தேன். ஒவ்வொரு சட்டையிலும் பெயரைத் தைத்தேன். அபி அந்தப் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். யாருக்கு இந்தப் பெட்டி என்று அவன் கேட்கவே இல்லை.

கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள் அது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் காணவில்லை. அவன் காணாமல் போவது எங்களுக்குப் புதிது இல்லை, அதனால் முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. மதியம் சோறு வடித்துவிட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஜோயலை அனுப்பினேன். அவன் ஓடிவருவதைப் பார்த்ததும் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன்.

"அம்மா, நம்ம படகு அங்க இல்லம்மா. அபி செருப்பு மட்டும் கரையில கீது."

எங்கள் சின்னப் படகு கட்டியிருந்த முளை தனியாக நின்றது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் கட்டவிழ்ந்த படகு எதுவும் முகத்துவாரத்தைப் பார்த்துத்தான் போகும். ஏரி கடலோடு சேருகிற அந்த வாயில் சுழலில் சிக்கி எத்தனை பேர் போனார்கள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சபை மணி அடித்தது. மைக்கில் பாஸ்டர் ஐயா அபியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் ஒரு ஆளைக் காணோம் என்றால் கிடைக்கும்வரை யாரும் வலை போடக் கூடாது. எல்லாப் படகும் தேடத்தான் இறங்க வேண்டும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சபைக்கு வருகிறவர்களும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. அன்றைக்குப் பாடு இருந்தவர்கள்கூட வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பாடு என்பது ஏரியில் நல்ல இடத்தில் வலை போட முறை வைத்து வரும் நாள். அதை விட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளை விட்டுவிட்டு என் பிள்ளையைத் தேடினார்கள்.

என் வீட்டுக்காரர் முதல் படகில் போனார். நான் கரையிலேயே நின்றேன். கண்ணுக்கு எட்டிய தூரம் படகுகள். கொஞ்ச நேரத்தில் ஒரு படகு எங்கள் படகை இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. கிட்டே வர வர உள்ளே எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. இன்னும் முடியவில்லையே, ஏன் இப்போதே அழுகிறார்கள் என்று ஆத்திரம் வந்தது. அவர்கள் கையை உதறிவிட்டுச் சபைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு பழைய ஃபைபர் படகைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்த படகு, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதன் மேல் கையை ஊன்றி மண்ணில் முழங்கால் போட்டேன்.

ஆண்டவரே, இனிமேல் அவனை உட்கார வையும் என்று என் வாயால் கேட்க மாட்டேன். ஓடட்டும். மதில் மேல் ஏறட்டும். கொடியை அவிழ்க்கட்டும். ஊரே என்னைத் திட்டட்டும். எப்படிக் கொடுத்தீரோ அப்படியே திருப்பிக் கொடும். அவனை எங்கேயும் அனுப்ப மாட்டேன். இவ்வளவுதான் சொன்னேன். வாய்விட்டுக் கதறித்தான் சொன்னேன்.

அப்போது என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, கொஞ்சம் நவுந்துக்கோயேன். வெளிச்சம் மறைக்குது."

குனிந்து பார்த்தேன். கவிழ்த்த படகுக்கு அடியில் என் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பெரிய வலைக் குவியல். சிக்கு எடுக்கவே முடியாது என்று அவன் அப்பா என்றைக்கோ தூக்கிப் போட்ட நண்டு வலை அது. உடைந்த நண்டுக் கால்களும் பாசியும் நைலான் நரம்பும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அதில் பாதிக்கு மேல் பிரித்து, கால்களைத் தனியாகக் குவித்து வைத்திருந்தான். பக்கத்தில் எங்கள் படகின் கயிற்றை அழகாகச் சுருட்டி வைத்திருந்தான்.

தலைக்கு மேலே சுவரில் இருந்த குழாய் ஸ்பீக்கர் அபி, அபி என்று அலறிக்கொண்டிருந்தது. அவன் காதில் அது விழவே இல்லை.

"படக ஏன்டா அவுத்த?"

"கயிறு சிக்கா இருந்துச்சிம்மா. எடுத்தாந்தேன்."

"படகு?"

"அது அங்கதான கீது?"

அவனை வெளியே இழுத்து நான் கத்திய கத்தலில் ஊர் திரும்பியது. படகுகளுக்குத் துணியை வீசிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் படகு கரை தட்டும்வரைகூடப் பொறுக்கவில்லை, நெஞ்சளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். அடிக்கப் போகிறார் என்று பிள்ளையை மறைத்து நின்றேன். அவர் அடிக்கவில்லை. அவன் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகுதான் அந்த வலையைப் பார்த்தார்.

"இதுக்கு என் ஆயுசு பத்தாதுன்னு வீசிட்டன்டா. காலைலேர்ந்து இத்தயா பண்ணினு இருந்த?"

"இன்னும் முடியல நைனா. அம்மா வந்து கெடுத்துட்டா."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "போய் அந்தப் பெட்டியப் பிரி" என்றார்.

பாடு போன முனுசாமி அண்ணனிடம், எங்களால் உங்கள் முறை போய்விட்டதே என்று கும்பிட்டேன். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர். "பாடு திரும்பி வரும்மா, புள்ள வருமா?" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த ஒரு வார்த்தைக்காக என் ஜெபத்தில் அவர் குடும்பத்துக்கு எப்போதும் இடம் உண்டு.

அந்த நர்ஸம்மாவை நானே தேடிப் போனேன். அவர் எழுதிக் கொடுத்தபடி பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயிலேறிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவனோடு நிறைய நேரம் பேசினார், அவன் மேஜையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றும்வரை. இதற்குப் பெயர் ஏ.டி.எச்.டி. என்றார். ஆவியும் இல்லை, கொழுப்பும் இல்லை, உங்கள் வளர்ப்பும் இல்லை என்றார். அவனுக்குக் கவனமே இல்லை என்பது இல்லையாம். அதை எங்கே வைப்பது என்பது அவன் கையில் இல்லையாம். அந்த வலையை நினைத்துக்கொண்டேன். எனக்கு விளங்கிவிட்டது.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். காலையில் மாத்திரை கொடுக்கிறேன். ஜெபித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். இரண்டும் ஒரே கையிலிருந்து வருவதாகத்தான் நம்புகிறேன். டாக்டரம்மா கொடுத்த சீட்டை டீச்சரிடம் காட்டினோம். அவர் பெரிய மனசோடு அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்து, கரும்பலகை துடைப்பது, தண்ணீர் கொண்டுவருவது என்று எழுந்து நடக்க வேலை கொடுத்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் மைக் வயரைச் சுருட்டி வைப்பது இப்போது அபியின் ஊழியம். முன்னே பிடுங்கியவன் கையிலேயே பாஸ்டர் ஐயா அதை ஒப்படைத்துவிட்டார்.

அவன் மாறிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக்கூட உப்புக்குப் போய் ஒரு நாய்க்குட்டியோடு வந்தான். மதில் மேல்தான் சாப்பிடுகிறான். சாயங்காலம் அப்பாவும் மகனும் வலையை நடுவில் போட்டுக்கொண்டு சிக்கு எடுக்கிறார்கள். ஜோயல் பக்கத்தில் படிக்கிறான், சாமு பொரித்த நெத்திலியைத் தின்கிறான். அந்தத் தகரப் பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது. வீடு சத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் வீட்டிலும் ஒரு அபி இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சோர்ந்து போகாமல் கர்த்தரிடம் கேளுங்கள், அவர் என்னைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டார். ஊரும் நானும் ஏரி முழுக்கத் தேடிய பிள்ளையை அவர் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதனால் ஜெபித்து முடித்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். முழங்கால் போட்ட இடத்திலேயே கொஞ்சம் குனிந்து பாருங்கள்.