எல்லாருக்கும் ஒரே விசைப்பலகை

பல்கேரியாவின் ரூஸே நகரில் எங்கள் லாரி கம்பெனியின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் ஒக்னியானா. கோபக்காரி. அவள் கத்தினால் எனக்குப் பிடிக்கும். எங்களுக்கு வந்திருக்க வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவளே படுகிறாள்.

எங்கள் வேலை முழுக்க வியன்னா தலைமை அலுவலகத்தில் இருக்கும் சர்வரில். காலையில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால் அந்தத் திரை இங்கே வரும். அதில் மொழியையும் விசைப்பலகையையும் ஆளுக்குத் தக்கபடி ஒக்னியானா அமைத்துக் கொடுத்திருந்தாள். என்னைப் போன்றவர்களுக்கு ஒலி வரிசை. ஆங்கில எழுத்தைத் தட்டினால் அதே ஓசையுள்ள பல்கேரிய எழுத்து விழும். ஸ்லாத்கா அக்காவுக்குத் தட்டச்சு வரிசை, பழைய தட்டச்சு இயந்திரத்தில் இருந்தது; எழுத்துகளின் இடமே வேறு. பள்ளியில் தட்டச்சு கற்றவர். விசையைப் பார்க்காமல், பக்கத்து மேசையோடு வம்பளந்துகொண்டே சரக்குச் சீட்டு அடிப்பார்.

வசந்தத்தில் ஒரு வீடியோ கூட்டம். மைக் எங்கள் கிளை மேலாளர் லியூபென் கையில். வியன்னாக்காரர் ஒக்னியானாவைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாருக்கும் ஒரே வரிசை வெச்சுடலாமா?"

அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். எங்கள் ஊரில் அதற்கு 'இல்லை, கூடாது' என்று அர்த்தம். அவர் ஊரில் அது 'சரி'. மனுஷன் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த லியூபெனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்காமல், மைக்கை அணைத்துவிட்டு பனீட்சா பலகாரம் தின்னப் போனார்.

உத்தரவு வந்தது: ஒரே வரிசை, எது என்று கிளையே முடிவு செய்யலாம். லியூபென் தனக்குப் பழகிய ஒலி வரிசையைப் போடச் சொன்னார். ஸ்லாத்கா அக்கா மாற்றி வைத்தாலும் மறுமுறை உள்ளே நுழையும்போது திரும்பவும் ஒலி வரிசையே வந்துவிடும். அவர் அடித்த சீட்டெல்லாம் கன்னாபின்னா. கடைசியில் லியூபென் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வேகப் பரீட்சை. தேறலைன்னா வீட்டுக்குப் போகட்டும்."

ஒக்னியானா அவர் அறைக்கே போனாள். "அவங்களுக்கு மட்டும் பழைய வரிசையைத் திறந்து விடுறேன் சார்."

"ஒருத்தருக்குன்னு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. விதின்னா விதி."

வெள்ளிக்கிழமை காலை எங்களில் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பழகிய விசைகளைத் தட்டினால் கடவுச்சொல் தப்பு, தப்பு என்றே வந்தது. ஸ்லாத்கா அக்காவின் மேசையிலிருந்து மட்டும் சடசடவென்று தட்டும் சத்தம்.

லியூபென் முகம் சிவக்க வெளியே வந்து ஒக்னியானாவிடம் பாய்ந்தார். "என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"ஒரே வரிசை சார். தட்டச்சு வரிசை. எதுன்னு வியன்னா சொல்லலையே."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும். இப்பவே வியன்னாவுக்கு போன் போடுங்க. அன்னிக்கு நான் எதுக்குத் தலையாட்டினேன்னு நானும் சொல்றேன். மைக் யார் கையில இருந்துச்சுன்னும் சொல்றேன்."

அலுவலகமே அவரைப் பார்த்தது. போனைத் தொட்ட கை திரும்ப வந்துவிட்டது.

"சரி, அவங்கவங்களுக்கு வேணுங்கறதையே வெச்சுத் தொலை. பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முதல்ல எனக்கு மாத்து."

"வரிசையில வாங்க. ஸ்லாத்கா அக்கா வசந்தத்துலேயே கேட்டாங்க."

அக்காவுடையதை இனி அழியாதபடி பதித்தாள். பிறகு என்னுடையது, டிரைவர்களைக் கவனிக்கும் பெண்ணுடையது, வாசல் காவலருடையது. அவசரமே படவில்லை. பூட்டிக் கிடக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லியூபென் பொறுக்க மாட்டாமல் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னோடது முடிஞ்சுதா?"

ஒக்னியானா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அவருக்கு நன்றாகவே புரிந்தது.